ஏழை சொல்லும் மலைச் சரிவும்

விழா மலரென்றால் பழைய மாணவர் தம் இளமைக் காலத்தை நினைந்து எழுதுவதே வழக்கம். கல்லூரி மணியின் ஓசை, விடுதிச் சோறு, கண்டிப்பு மிக்க ஆசிரியர், விளையாட்டு மைதானத்து வெற்றி தோல்விகள் ஆகியவற்றை இம்மலரில் வேறு அன்பர்கள் என்னினும் நன்றாக எழுதியிருப்பர். மலர்க் குழுவினர் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டபொழுது, நான் கல்லூரிக்குப் புறப்பட்டு வந்த இடத்தைப் பற்றியும், அவ்விடத்து மக்களை ஆண்டுதோறும் அச்சுறுத்தும் ஓர் ஆபத்தைப் பற்றியும் எழுதுவதே தக்கதெனத் தோன்றியது. அவ்விடம் உடப்புசல்லாவை. அவ்வாபத்து மண்சரிவு.

உடப்புசல்லாவை நுவரெலியா மாவட்டத்தில் வலப்பனைப் பகுதியைச் சார்ந்த தேயிலை நாடு. இலங்கைத் தேயிலை விளையும் ஏழு பிரதேசங்களுள் ஒன்றாக அதன் பெயர் உலகச் சந்தையில் வழங்குகின்றது. ஏறத்தாழ 950 மீற்றர் முதல் 1,600 மீற்றர் வரை உயர்ந்த மலைகள். நடுமலைத் தொடரின் கிழக்குப் புறத்தில் அமைந்தமையால் வடகீழ்ப் பருவக்காற்றின் மழையை நேரே ஏற்பவை. 1903, 1904ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஓர் ஒடுங்கிய புகையிரதப் பாதை போடப்பட்டது. உடப்புசல்லாவைப் பாதை என்பதே அதன் பெயர். ஆயினும் அஃது உடப்புசல்லாவையை எட்டவே இல்லை. 1940களில் அப்பாதையும் மறைந்தது. பெயர் வந்த அளவுக்குப் பயன் வந்து சேராத ஊர் எங்கள் ஊர்.

என் பாட்டியார் அங்கே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், எழுத்தறியாதவர். மார்கழி, தை மாதங்களில் அடைமழை பிடித்துக்கொண்டால், விடியுமுன் எழுந்து லயத்தின் பின்புறமிருந்த பீலிக்குச் சென்று தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். தெளிந்திருந்தால் திரும்பி வந்து அடுப்பு மூட்டுவார். கலங்கியிருந்தால், "மலைக்கு வயிறு கலங்கிடுச்சு, எழும்புங்க" என்று சிறுவர்களாகிய எங்களை எழுப்பி, கம்பளியைச் சுற்றி, மேட்டு லயத்திலிருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒரு தை மாதத்து விடியலில், எங்கள் லயத்தின் கடைசி இரண்டு காம்பிராக்களின் பின்சுவரை மண் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. சுவரை மீண்டும் எழுப்பினார்கள். அதே இடத்திலேயே எழுப்பினார்கள்.

பாட்டியார் அறிந்ததை அவர் யாரிடம் சொல்லியிருக்கக்கூடும்? துரையிடம் சொல்லக் கணக்கப்பிள்ளை வேண்டும். கணக்கப்பிள்ளையிடம் சொல்லக் கங்காணி வேண்டும். கங்காணியிடம் சொல்ல என் பாட்டனார் வேண்டும். பாட்டனாரோ, "உன் வேலையைப் பார்" என்பார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்னும் பழமொழியின் முழுப் பொருளையும் நான் கற்றது அந்தப் பீலிக்கரையில்தான்.

மழை இயற்கையின் செயல்; மலை சாய்ந்திருப்பதும் இயற்கையே. ஆனால் அச்சாய்வில் யார் குடியிருக்கிறார், எச்சரிக்கை வந்தால் அவர் எங்கே போவார், அவர் சொல்லுக்கு அம்பலத்தில் இடம் உண்டா என்பன மனிதர் செயல்கள். ஆபத்தில் வாழும் மக்களைத் திட்டமிடுவோருள் ஒருவராகச் சேர்த்துக்கொள்வது வெறும் தருமமோ உபசாரமோ அன்று. அதுவே உயிர் காக்கும் முதல் அரண். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலை சரியும் விதம்

முதலில் மலை ஏன் சரிகின்றது என்பதை அறிதல் வேண்டும். எங்கள் மலைகளில் அடியிலே கருங்கற்பாறை; அதன்மேல் பாறை இற்றுப்போய் உண்டான மண்; அதற்கும் மேல், முன்னாளிலே உயரத்திலிருந்து வழுகி வந்து தங்கிய கல்லும் மண்ணும் கலந்த படை. இப்படை பாறைச் சாய்வின்மேல் நிற்பது துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிடியினாலேயாம்.

கடற்கரையில் விளையாடிய எவரும் இதனைக் கண்டிருப்பர். ஈரம் படிந்த மணலைக் குவித்தால் குவியல் நிற்கும். அதன்மேல் மேலும் மேலும் நீரை ஊற்றினால், மணிகளுக்கிடையே நிறைந்த நீர் அவற்றை விலக்கித் தள்ளும், பிடி தளரும், குவியல் கூழாய் ஓடும். மலையிலும் நடப்பது இதுவே. நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டுகின்றது. அதே வேளையில் மண்ணின் பிடியைக் குறைக்கின்றது.

அந்நீரின் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் நீராகும். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். ஆகவே ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஓர் ஏக்கர் மலையின்மேல் 4 இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீர் இறங்குகின்றது. இந்நீர் ஓடிப்போக வழியிருந்தால் கேடில்லை. வழியில்லையேல் அது மண்ணுள் இறங்கும்.

பழந்துரைமாரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். அதனாலேயே தேயிலை மலைகளில் குறுக்கே கான் வெட்டும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருகின்றது. கானைத் துப்புரவாக வைத்திருப்பது ஒரு தனி வேலை. அதற்கென ஆட்கள் இருந்தனர். வேலையாட்கள் குறைந்து கான் தூர்ந்துபோன மலையில் நீர் தானே வழி தேடிக்கொள்ளும். வீதி அகலப்படுத்தவோ வீடு கட்டவோ மலையின் அடிவாரத்தை வெட்டினால், மேலிருக்கும் மண்ணுக்குத் தாங்குகோல் போய்விடும். கூரைநீரும் சமையலறை நீரும் குழாய்க் கசிவும் நாள்தோறும் ஒரே இடத்தில் இறங்கினால் அங்கே மழையில்லாத காலத்திலும் மண் ஊறியிருக்கும். ஆகவே சரிவு ஒரு கணத்தில் நேர்ந்தாலும், அதற்கான ஏற்பாடு பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கும்.

சரியுமுன் மலை அடையாளம் காட்டுவதும் உண்டு. நிலத்தில் வளைந்த வெடிப்புத் தோன்றும். சுவரும் தரையும் பிளக்கும். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இறுகும். மரமும் கம்பமும் சாயும். புதிய ஊற்றுக் கிளம்பும், அல்லது பழைய ஊற்று வற்றும். தெளிந்த நீர் சேறாய் வரும். என் பாட்டியார் பார்த்தது இவற்றுள் இறுதியானது. அவர் அறிவு மூடநம்பிக்கை அன்று. இன்றைய பூமியியலார் தம் துண்டுப் பிரசுரங்களில் அச்சிட்டுக் கொடுக்கும் அறிவு.

லயமும் நகரத்துக் குடிசையும்

நகரங்களில் உரித்துப் பத்திரமின்றி, ஆற்றோரத்திலும் சதுப்பிலும் இருப்புப்பாதை அருகிலும் மலைவிளிம்பிலும் எழுந்த குடியிருப்புகளை இக்கால அறிஞர் முறைசாராக் குடியிருப்புகள் என்பர். நல்ல நிலத்துக்குப் பணம் கொடுக்க இயலாதோர் வேறெவரும் விரும்பாத நிலத்தில் தங்குகின்றனர். ஆகவே வெள்ளமும் சரிவும் முதலில் அவர்களையே காண்கின்றன.

லயம் அவ்வாறு தானே முளைத்தது அன்று. தோட்டக் கம்பெனிகள் வரிசையாகக் கட்டுவித்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிராவும் முன்னே ஓர் இஸ்தோப்பும் ஒரு குடும்பத்துக்கு. எனினும் குடியிருப்போர் நிலையை நோக்கினால் இரண்டும் உடன்பிறப்புகளே. பல தோட்டங்களில் லயத்துக்கு ஒதுக்கப்பட்டது தேயிலைக்கு உதவாத நிலம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் நிலத்துக்கு உரித்தில்லை. வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் கொண்ட முகவரியில்லை. குடும்பம் பெருகியபோது முன்னும் பின்னும் தகரத்தாலும் பலகையாலும் இறக்கிக் கட்டிய பகுதிகளும், கடைவீதியை ஒட்டி வெட்டிய மேடுகளில் எழுந்த சிறு வீடுகளும் எவருடைய வரைபடத்திலும் இல்லாதவை. கொழும்பு மாநகரின் நெருங்கிய குடியிருப்புகளையும் மக்கள் "தோட்டம்" என்றே அழைப்பது வெறும் சொல்லொற்றுமை ஆயினும், எனக்கு அது பொருளுடையதாகவே படுகின்றது.

எங்கள் மக்கள் அம்பலத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட வரலாறு நீண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிப் பிரித்தது. அவர்களிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தீர்ந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணம் செலவாவதற்குத் தடையாயிருந்தது. அத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீங்கியது. வாக்களித்துத் தெரிவு செய்த சபை, வாக்களித்தவர் லயத்தடியில் ஒரு கான் கட்டுவதற்கும் முப்பது ஆண்டுகள் சட்டம் இடங்கொடுக்கவில்லை. இவற்றை நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. மண்சரிவு ஏன் சிலரைத் தேடித் தேடிக் கொல்கின்றது என்ற வினாவுக்கு விடையின் ஒரு பாதி இங்கே இருக்கின்றது.

எச்சரிக்கை இருந்தும் இறந்தவர்கள்

மலைநாட்டில் பெரும் சரிவுகள் புதியன அல்ல. 1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பலர் மாண்டனர், பல்லாயிரவர் வீடிழந்தனர். 2007 ஜனவரியில் எங்கள் வலப்பனையும் அங்குராங்கெத்தையும் சரிவுகளால் துன்புற்றன. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வாப் புயலால் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைகளே மிகுதியான உயிர்களைக் கொண்டன. இம்மூன்றும் கார்த்திகைக்கும் தைக்கும் இடைப்பட்ட வடகீழ்ப் பருவத்தில் நேர்ந்தவை என்பதை உடப்புசல்லாவையார் மறத்தலாகாது.

அறிவியலார் வாளா இருந்தாரல்லர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990ஆம் ஆண்டளவில் ஐக்கிய நாடுகளின் உதவியுடன் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலே மண்சரிவு அபாய வரைபடம் வரையத் தொடங்கிற்று. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. ஆகவே வரைபடமும் உண்டு, சட்டமும் உண்டு, அலுவலகமும் உண்டு. அவற்றுடன் எச்சரிக்கையும் இருந்த ஓர் இடத்தில் நடந்ததைக் காண்போம்.

பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தைக்கு அண்மையில் மீரியபெத்தை என்றொரு தோட்டப் பிரிவு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, மலையொன்று சரிந்து அங்கிருந்த லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபொழுது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானதென்றும் மக்கள் வெளியேற வேண்டுமென்றும் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. "சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்பது அந்நாட்களில் பல வாயிலிருந்தும் வந்த பேச்சு.

போகவில்லை என்பது உண்மை. எங்கே போவது? நிலம் அவர்களுடையதன்று, வேறு நிலமும் அவர்களுக்கில்லை. காம்பிராவை விட்டால் வேலை என்னவாகும், பிள்ளையின் பாடசாலை என்னவாகும், மாட்டுப்பட்டியும் மரக்கறித் துண்டும் என்னவாகும் என்ற வினாக்களுக்கு எவரும் விடை கூறவில்லை. போகுமிடம் இல்லாதவனிடம் "போ" என்று சொல்வது எச்சரிக்கை ஆகாது. சொன்னவர் தம் கையைக் கழுவிக்கொள்வதே ஆகும். உயிர் பிழைத்தோர் நெடுநாள் தற்காலிக இடங்களில் தங்கி, 2016ஆம் ஆண்டிலே பூனாகலைப் பக்கத்தில் 75 வீடுகளைப் பெற்றனர். சரிவுக்குப் பின் நிலமும் வீடும் கிடைத்ததெனின், சரிவுக்கு முன்னும் அவை கிடைத்திருக்கக்கூடும் அன்றோ? இவ்வொரு வினாவே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

கடல் கடந்தும் இதே கதை. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, கேரளத்து மூணாறுக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணுள் மறைந்தன. தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைபேசியும் அற்ற அவ்விரவில் நிகழ்ந்ததை வெளியுலகம் அறிந்தது மறுநாட் காலையில்தான். அங்கும் லயம், அங்கும் நள்ளிரவு மழை, அங்கும் குரல் எட்டாத தொலைவு.

மக்களைச் சேர்த்துக்கொண்டவர் கண்ட பயன்

இதற்கு மாறான வழியும் உலகில் உண்டு. நம் நாட்டிலேயே உண்டு. 1984ஆம் ஆண்டு தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் நகரப் பகுதியில், கொழும்புக் குடிசை மக்களுடன் உத்தியோகத்தர் ஒரே கூடத்தில் அமர்ந்து பேசும் முறை ஒன்று வகுக்கப்பட்டது. வீதி எங்கே, குழாய் எங்கே, ஒவ்வொருவர் துண்டும் எவ்வளவு என்பனவற்றை நிலத்திலே கயிறு பிடித்து மக்களே முடிவு செய்தனர். நவகம்புர போன்ற இடங்களில் துண்டு சிறிதாயினும் அது தமக்குரியது என்ற உறுதி பிறந்தது. உறுதி பிறந்த இடத்தில் மக்கள் தம் உழைப்பையும் சேமிப்பையும் தாமே இட்டனர். உரித்தில்லாதவன் கூரையைச் செப்பனிடவும் தயங்குவான். உரித்துள்ளவன் கானையும் துப்புரவு செய்வான்.

கரிபியக் கடலிலுள்ள சென் லூசியாத் தீவின் கதை எங்கள் மலைக்கு இன்னும் நெருங்கியது. அங்கும் ஏழை மக்கள் செங்குத்தான சரிவுகளில் வீடு கட்டியிருந்தனர். 2004ஆம் ஆண்டு முதல், அரசாங்க எந்திரவியலாரும் பிறிஸ்ரல் பல்கலைக்கழக அறிஞரும் அவ்வூர் மக்களுடன் வீடு வீடாக நடந்து, நீர் எங்கே தேங்குகின்றது, எங்கே மண்ணுள் இறங்குகின்றது என்று கேட்டுக் குறித்தனர். பின்னர் கூரைநீரையும் வழிநீரையும் கொண்டுசெல்லும் வாய்க்கால்களை அம்மக்களுக்கே வேலையும் கூலியும் கொடுத்துக் கட்டுவித்தனர். 2010ஆம் ஆண்டில் தோமஸ் என்னும் சூறாவளி அத்தீவைத் தாக்கியபோது, வாய்க்கால் கட்டிய சரிவுகள் நிலைத்து நின்றன.

தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் மனிசாலெசு என்றொரு மலைநகர். 2003ஆம் ஆண்டு முதல், குடும்பப் பாரம் சுமக்கும் பெண்களை "சரிவின் காவலர்" என்ற பெயரில் அந்நகர் வேலைக்கு அமர்த்தியது. சரிவுகளிலுள்ள வாய்க்கால்களைத் துப்புரவு செய்தல், வெடிப்புகளைக் கண்டால் அறிவித்தல், அயலார்க்கு எடுத்துரைத்தல் ஆகியன அவர்கள் கடமை. இதனைப் படித்தபொழுது என் பாட்டியார் நினைவே எனக்கு வந்தது. அவர் செய்ததும் அதே காவல்தான். ஊதியமும் இல்லை, பட்டமும் இல்லை, கேட்பாரும் இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மக்கள் அறிவை இவ்வளவு புகழ்ந்தால் பூமியியலார் எதற்கு? நியாயமான வினா. மக்கள் அறிவுக்கும் எல்லையுண்டு. "என் தாத்தா காலத்திலிருந்து அசையாத மலை" என்று சொல்வோரை நான் நேரில் கேட்டிருக்கிறேன். நூறாண்டு அசையாத மலையும், சென்ற ஆண்டு வெட்டிய வீதியால் இவ்வாண்டு அசையலாம். அதுபோலவே வரைபடத்துக்கும் எல்லையுண்டு. அபாய வரைபடம் விரிவானதாயினும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் வரையப்படுவது. பத்துக் காம்பிரா கொண்ட லயம் 100 அடி, அதாவது ஏறத்தாழ 30 மீற்றர் நீளம். வரைபடத்தில் அது 3 மில்லிமீற்றர்க் கோடு. அக்கோட்டின் பின்னாலுள்ள பீலியை எந்த வரைபடம் காட்டும்? மலையின் உள்ளமைப்பைப் பூமியியலார் அறிவார். மலையின் அன்றாட மாற்றத்தை அங்கே வாழ்வோர் அறிவர். இரண்டும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

அவ்வாறாயின் உடப்புசல்லாவை போன்ற ஒரு தோட்டத்தில் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, மலையை நடந்து பார்த்தல். நிறுவனத்தின் உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், தோட்ட நிருவாகத்தார் ஆகியோர் லயத்து மக்களுடன் நடந்து, ஊற்று, வெடிப்பு, தூர்ந்த கான், பழைய சரிவு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்தல் வேண்டும். அக்குழுவில் பெண்கள் பாதியேனும் இருத்தல் நன்று. தேயிலையின் ஒவ்வொரு நிரையிலும் நாள்தோறும் கால் பதிப்பவர் அவர்களே. கூட்டத்தை வேலை நாளில் பெரட்டு நேரத்தில் வைத்தால் அவர்கள் வரமாட்டார். வந்தாலும் வாய் திறவார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், பிள்ளை மடுவத்தில், தமிழில் நடத்தினால் வருவர்.

இரண்டாவது, நீருக்கு வழி செய்தல். லயத்தின் கூரைநீரைப் பீலியால் ஏற்று, கட்டிய கான் வழியே ஓடைக்குச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு, சரிந்த லயத்தைத் தோண்டும் செலவிலும் மிகச் சிறிது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பிரதேச சபைகள் இவ்வேலைக்குச் சட்டத்தைக் காரணங்காட்டி விலகவியலாது.

மூன்றாவது, மழையை அளத்தல். நேரான சுவருடைய ஒரு பேணியைக் கூரையும் மரமும் மறையாத வெளியில் வைத்து, அதனுள் நின்ற நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால், அவ்வுயரமே பெய்த மழையின் அளவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கூறிவரும் எல்லைகள் எளியவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் எனின் விழிப்பாயிருத்தல்; 100 எனின் வெளியேற ஆயத்தமாதல்; 150 எனின், அல்லது ஒரு மணி நேரத்தில் 75 எனின், உடனே வெளியேறுதல். ஒவ்வொரு லயத்திலும் உயர்வகுப்பு மாணவர் இருவர் இதனைக் கற்றுக்கொண்டால், கொழும்பிலிருந்து செய்தி வருமுன் அவர்களே மணியடிக்கலாம். ஆனால் அளவு எட்டவில்லையே என்று, வெடிப்பைக் கண்டும் காத்திருத்தல் ஆகாது. அடையாளம் கண்டவுடன் அகலுதலே அறிவு.

நான்காவது, போகுமிடத்தை முன்னரே தெரிதல். பாடசாலையோ கோயிலோ எதுவாயினும், அதுவும் சரிவில் இல்லையென்று உறுதி செய்த பின்னரே அதனைப் புகலிடமாகக் கொள்ளல் வேண்டும். நள்ளிரவில் விளக்கின்றிப் போகும் பாதை எது, நடக்கவியலாத முதியவரை யார் தூக்குவர், கைக்குழந்தையின் பால்மாவுக்கு வழி யாது என்பனவெல்லாம் பகலில், மழையில்லாத நாளில் பேசி முடிக்க வேண்டியவை. வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னவர் நம் முன்னோர்.

ஐந்தாவதும் முதன்மையானதும், உரித்துடன் கூடிய நிலம். 2015ஆம் ஆண்டிலிருந்து தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் நிலத்தில் தனிவீடு என்ற கொள்கை பேசப்பட்டு வந்துள்ளது. இந்திய அரசாங்கத்தின் உதவியாலும் தனிவீடுகள் எழுந்துள்ளன. வரவேற்கத்தக்கதே. எனினும் அபாய நிலத்திலுள்ளோர்க்கு முதலிடம் கொடுத்தல், கொடுக்கும் நிலத்தை முன்னரே சோதித்தல், உரித்துப் பத்திரத்தில் மனைவியின் பெயரையும் சேர்த்தல், அயலாரைப் பிரிக்காது ஒருங்கே குடியமர்த்தல் ஆகிய நான்கும் மக்களைக் கேட்டாலன்றி அமையா. மலைக்கு ஒரு மூலையில் வீட்டைக் கட்டி, பாடசாலைக்கு ஐந்து மைல் நடக்கவிட்டால், மழை விட்டதும் அவர்கள் பழைய லயத்துக்கே திரும்புவர், பிழை அவர்களுடையதன்று.

இவையெல்லாம் நடக்கக்கூடியனவா என்று கேட்பின், பெரும்பான்மை நடக்கக்கூடியன என்பேன். பணத்தினும் மிகுதியாக இங்கே வேண்டப்படுவது மனப்பான்மையின் மாற்றம். "அவர்களுக்காகச் செய்கிறோம்" என்பதிலிருந்து "அவர்களுடன் செய்கிறோம்" என்பதற்கு நாம் வர வேண்டும்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

நம் கல்லூரி எத்தனையோ எந்திரவியலாரையும் நிலவளவையாளரையும் ஆசிரியரையும் சட்டத்தரணிகளையும் நிருவாகிகளையும் உலகுக்கு ஈந்துள்ளது. அவர்களுட் பலர் லயத்துக் காம்பிராவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர். அம்பலத்தில் இன்று நமக்கு இருக்கை உண்டு. நாம் அதில் அமர்ந்து நம் வெற்றிகளை மட்டும் பேசுவோமாயின், பழமொழி பழமொழியாகவே நிற்கும்.

நிலவளவையாளர் ஒருவர் ஆண்டுக்கு இரு நாள் ஒதுக்கி ஒரு தோட்டத்து மக்களுடன் நடந்து வரைபடம் எழுதிக் கொடுக்கலாம். சட்டத்தரணி ஒருவர் காணி உரித்து விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கலாம். எச்சரிக்கை அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் வந்தால் அதனை உடனே தமிழாக்கி அனுப்பும் பணியை ஆசிரியர் ஏற்கலாம். மாணவச் செல்வங்கள் மழைமானி ஒன்றைக் கல்லூரி முற்றத்திலேயே நாட்டி, நாள்தோறும் அளந்து எழுதிப் பழகலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அப்பழக்கத்தையும் உடன் கொண்டு செல்லலாம். விழா நினைவாகச் சலவைக்கல் பதிப்பது நம் வழக்கம். அக்கல்லின் செலவில் ஒரு பகுதியைக் கொண்டு மலைத்தோட்டப் பாடசாலைகளுக்கு மழைமானிகள் வழங்குவதும் நினைவுச் சின்னமே என்பது என் தாழ்மையான கருத்து.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபொழுது எங்கள் பழைய லயத்தின் பின்புறம் சென்றேன். பீலி இருந்த இடத்தில் இப்போது குழாய் இருக்கின்றது. மேலே கான் தூர்ந்து, மானாப்புல் மூடியிருக்கின்றது. அங்கே குடம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், மழைக்காலத்தில் எப்படியென்று கேட்டேன். "மேல பாறைகிட்ட வெடிச்சிருக்குங்க ஐயா, போன மழைக்குப் பொறகுதான்" என்றார். யாரிடமாவது சொன்னீர்களா என்றேன். "யாருகிட்டங்க சொல்றது?" என்றார்.

அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்து, தக்கவர்களுக்கு எழுதி அனுப்பியுள்ளேன். அவர்கள் வந்து பார்ப்பார்களென நம்புகின்றேன். ஆயினும் ஒரு பெண் தன் வீட்டுக்கு மேலுள்ள வெடிப்பைச் சொல்வதற்கு, எங்கிருந்தோ வந்த ஒரு கிழவன் இடையே நிற்க வேண்டியதில்லை. அவரே நேரிற் சொல்லவும், சொன்னது கேட்கப்படவும் வழி செய்வோமாக. கல்லூரி வாழ்க!